வேன்ல வந்த பொங்கல் வரிசை

நம்ம வாக்கிங் குரூப்புல ஆளாளுக்குக் கேட்டாச்சு, நீ மட்டும் ஏன் இன்னும் பேரு குடுக்கலன்னு. மாசத்துல ஒரு ஞாயிறு வேன் வச்சிக்கிட்டுச் சின்னச் சின்ன ஊரா போறது, அங்க இருக்குற கடையில சாப்பிடறது, அங்கியே சாமான் வாங்கறது, பாவம் அந்த ஊருங்களும் பொழைக்கட்டும்னு நீங்க பேசிக்கிறது எல்லாம் நல்ல எண்ணந்தான். இல்லேன்னு சொல்லல. முட்டி வலி, பேரன் வந்திருக்கான்னு நான் சொன்னதெல்லாம் சும்மா சாக்கு. இந்த வயசுல சாக்கு சொல்லி என்ன ஆவப்போவுது? நான் இந்தக் கூத்தை ஆறாவது படிக்கும்போதே பாத்துட்டேன். வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா பாதியில விட்டுட்டு குட்மார்னிங் பூ அனுப்ப ஆரம்பிச்சிடுவீங்க. அதான் ஒக்காந்து எழுதறேன். பொறுமையா படிங்க.

அப்ப நாங்க கடலூர்ல செம்மண்டலத்துல குடியிருந்தோம். அப்பா சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க்கு. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அதே ஆபீஸ்தான். சொந்தம் ஒண்ணும் கெடயாது, ஆனா அப்பாவை வாயத் தொறந்தா மச்சான்தான். ஒரு சாயங்காலம் ரெண்டு பேரும் மொட்டை மாடியில பேசிக்கிட்டு இருந்தப்ப அந்த யோசனை பொறந்துச்சு. துணி எடுக்கப் பாண்டிக்கும் சாப்பிடக் கடலூர் ஓட்டலுக்கும் எல்லாரும் ஓடுனா, நடுவுல இருக்குற ஊருங்க எப்படிப் பொழைக்கும்னு அப்பா கேட்டாராம். அப்ப நாம போவோம் மச்சான்னு மாமா சொன்னாராம். அவ்வளவுதான். அடுத்த ஞாயித்துக்கெழம வாசல்ல வேன் வந்து நின்னுச்சு.

அது மத்த நாள்ல துறைமுகத்துல மீன் ஏத்தற வேன். நல்லா கழுவிவிட்டு, சாம்பிராணி போட்டுத்தான் அனுப்புவாங்க. ஆனாலும் சீட்டுக்கு அடியில இருந்து கவிச்சி கெளம்பும். சாம்பிராணியும் மீன் கவிச்சியும் கலந்த அந்த வாசனை இன்னிக்கும் என் மூக்குல நிக்குது. ஜன்னலுக்கு எங்கம்மாவோட பழைய பச்சைப் பொடவையக் கிழிச்சித் திரை கட்டியிருந்தாங்க. தண்ணிக்கு ஒரு செவப்பு பிளாஸ்டிக் கூஜா. அதோட மூடி எந்த ஊர்லயோ தொலைஞ்சி போயி, மேல ஒரு டம்ளரைக் கவுத்து வச்சிருப்போம். ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, அவுங்க புள்ளைங்க வருவாங்க, சில வாரம் பொம்பளைங்களும் வருவாங்க. சட்டம்னு பாத்தா ரெண்டுதான். போற ஊர்ல வெலை பேசக்கூடாது. வீட்டுல இருந்து சோறு கட்டிக்கிட்டு வரக்கூடாது.

ஒரு வாரம் பரங்கிப்பேட்டை, ஒரு வாரம் சேத்தியாத்தோப்புன்னு சுத்தினோம். சேத்தியாத்தோப்பு சந்தையில கத்திரிக்கா வித்த ஒரு அம்மா சொன்ன வெலைக்கு அப்பா மறுபேச்சு பேசாம கூடையோட எடுத்துக்கிட்டாரு. அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. கூடையத் திருப்பி வாங்கி ஒவ்வொரு காயா பொரட்டிப் பாத்துச்சு, இவுங்க கண்ணுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியலன்னு. வேன்ல வரும்போது மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அப்பா மட்டும் சிரிக்கல. இந்த ஜனங்களுக்கு நல்லது செஞ்சாலே பழக்கமில்லடான்னு சொன்னாரு.

புவனகிரிக்கு நாங்க போனது ஐப்பசி மழையில. வெள்ளாத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால வேன் நின்னு போச்சு. எதிர்ல ஒரு சாப்பாட்டுக் கடை. கடைன்னா, ரோட்டைப் பாத்த ஒரு ஓட்டு வீட்டுல முன் பக்கத்த மட்டும் கடையா வச்சிருந்தாங்க. ரெண்டு பெஞ்சு, மந்தார இலை, ஒரு பானைத் தண்ணி. நடத்துனது ஒரு அம்மா. எங்கம்மா வயசுதான் இருக்கும். நனைஞ்சிகிட்டு நின்ன எங்களை உள்ள கூப்பிட்டு, இட்லியும் கத்திரிக்கா கொத்சும் வச்சாங்க. கொத்சுன்னா அது கொத்சு. கத்திரிக்காய அடுப்புல சுட்டு மசிச்சி, நல்லெண்ணெய் மேல மெதக்க, நாக்குல ஒரு சுருக். அதுக்கப்புறம் சிதம்பரத்துல எத்தனையோ கடையில தின்னிருக்கேன், அது வரல.

அன்னியோட எங்க ஊர் சுத்தல் முடிஞ்சிச்சு. வாராவாரம் புவனகிரிதான். காலையில இட்லி, மத்தியானம் வெரால் கொழம்பு, மிதிபாகக்கா வறுவல். அப்பா அந்த அம்மாவைத் தங்கச்சின்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. அவுங்க அப்பாவை அண்ணேன்னாங்க. என்னை அத்தைன்னு கூப்பிடச் சொன்னாரு அப்பா. எனக்குப் பண்ருட்டியில அப்பாகூடப் பொறந்த அத்தை ஒருத்தவங்க இருந்தாங்க, அதனால இவுங்களைக் கடை அத்தைன்னு கூப்பிட்டேன். கடை அத்தைக்கு ஒரு பொண்ணு, என்னைவிட ரெண்டு மூணு வயசு பெரிய அக்கா. மாவாட்டி ஆட்டி அதோட உள்ளங்கை காய்ச்சிப் போயிருக்கும். பேசாது. நாங்க சாப்பிட்டு எந்திரிச்ச எலைங்களை எடுக்கும்போது மட்டும் எங்க உடுப்பெல்லாம் ஒரு பார்வை பாக்கும்.

ஒரு வாரம் அம்மாவும் வந்தாங்க. ஆம்பளைங்க முன்னாடி அரட்டை அடிக்க, அம்மா பின்னால போயி வெங்காயம் உரிச்சாங்க. நானும் பூண்டு உரிக்க ஒக்காந்தேன். அங்கதான் கடை அத்தை தன் கதையச் சொன்னாங்க. புருசன் வேலைக்குன்னு பம்பாய் போனவரு, திரும்பி வரல. இருக்காரா செத்தாரான்னு தெரியாது. வீடு புருசன் வீடு. எதிர் வீட்டுல இருக்குற கொழுந்தனாருங்களுக்கு அந்த வீட்டு மேல கண்ணு. அண்ணனே இல்லாத வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு எந்நேரமும் இடிச்சிகிட்டே இருக்காங்க. ஆனா கை வைக்கல. ஏன்னா கடை அத்தைக்குச் சேத்தியாத்தோப்புல கூடப்பொறந்த அண்ணன் இருக்காரு. மத்த நாள்ல எட்டிப் பாக்க மாட்டாராம், பெருசா எதுவும் செய்யவும் மாட்டாராம். வருசத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு முன்னாடி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, அரிசியும் வெல்லமும் மஞ்சக்கொத்தும் ஒரு நூல் பொடவையும் பொறந்த வீட்டு வரிசைன்னு எடுத்துக்கிட்டு வருவாராம். வாசல் பெஞ்சுல ஒரு மணி நேரம் ஒக்காந்து வெத்தலை போடுவாராம். எதிர் வீட்டை ஒரு பார்வை பாப்பாராம். கெளம்பிடுவாராம்.

"அந்த ஒரு மணி நேரத்துலதான் அண்ணி எனக்கு ஒரு வருசம் ஓடுது," அப்படின்னாங்க.

வேன்ல திரும்பும்போது அம்மா இதை அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா உச்சுக் கொட்டினாரு. ஒரு அரிசி மூட்டையோட வந்து ஒக்காந்துட்டுப் போறவனெல்லாம் ஒரு அண்ணனான்னு கேட்டாரு. அதோட விட்டிருக்கலாம்.

மார்கழி கடைசியில மாமாவும் அப்பாவும் ஒரு முடிவோட வந்தாங்க. இந்த வருசம் நம்ம செட்டு தங்கச்சிக்குப் பொங்கல் வரிசை எடுக்குது. ஒரு அண்ணன் போதாது, நாம இத்தினி பேரு இருக்கோம்னு ஊருக்குத் தெரியட்டும். அம்மா கையில இருந்த முறத்தை அப்படியே கீழ வச்சாங்க. அவுங்களுக்குக் கூடப்பொறந்தவரு இருக்காரு, அவரு எடுக்கறதுக்கு முன்னாடி வேத்து ஆளு வரிசை எடுத்தா அது அவரு மூஞ்சில துப்பற மாதிரின்னாங்க. அப்பா இதெல்லாம் பழைய பஞ்சாங்கம்னாரு. அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. எங்கம்மா கோவம் சத்தம் போடாது.

"ஒங்ககூடப் பொறந்தது பண்ருட்டியில இருக்குது. நெலத் தகராறுன்னு இத்தினி வருசமா ஒரு மஞ்சக்கொத்து போவல அந்த வீட்டுக்கு. மொதல்ல அங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டு மாமா வீட்டுக்குப் போயிட்டாரு. சொந்தத் தங்கச்சிக்குச் செய்யாததை வேன் வச்சிக்கிட்டுப் போயி வேற ஊர்ல செஞ்சா மனசு குளுந்து போவும்போல. இதைச் சொல்ல எனக்கு வயசு அறுபதைத் தாண்ட வேண்டியிருந்துச்சு.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. பஸ் ஸ்டாப்பாண்டயே வேனை நிறுத்திட்டு நடந்து போனோம். மாமா ஒரு மேளமும் நாயனமும் ஏற்பாடு பண்ணியிருந்தாரு. பித்தளைத் தாம்பாளத்துல பச்சரிசி, வெல்லம், தேங்கா, புதுப் பானை, பட்டுக் கரை வச்ச பொடவை. ரெண்டு பேரு கரும்புக் கட்டைத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. மஞ்சக்கொத்து என் கையில. அதோட எலை கன்னத்துல ஒரசிக்கிட்டே வந்துச்சு, பச்சை வாசனை, எனக்கு ஒரே குஷி. கடைக்காரங்கல்லாம் எறங்கி நின்னு பாத்தாங்க. என் அப்பா அன்னிக்கி நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்த மாதிரி அப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் நடக்கல.

கடை அத்தை வாசலுக்கு வந்தாங்க. மொதல்ல சிரிச்சாங்க. தாம்பாளத்தைப் பாத்தாங்க, பானையப் பாத்தாங்க, சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. கையை முந்தானையில தொடைச்சாங்க, தொடைச்சிக்கிட்டே இருந்தாங்க. எதுக்குண்ணே இதெல்லாம், எதுக்குண்ணேன்னு வாய்க்குள்ளயே சொன்னாங்க. வாசலுக்கு வந்த வரிசைய வேண்டாம்னு திருப்பி அனுப்பக் கூடாது. அது அப்பாவுக்கும் தெரியும், அவுங்களுக்கும் தெரியும். வாங்கிக்கிட்டாங்க. எதிர் வீட்டு வாசல்ல சின்னக் கொழுந்தனாரு கையக் கட்டிக்கிட்டு நின்னு எல்லாத்தையும் பாத்தாரு. மாமா அவரைப் பாத்து மீசைய வேற முறுக்குனாரு. அன்னிக்கிச் சோறு எறங்குறப்ப கொழம்புல உப்பு ஜாஸ்தி. அதையும் யாரோ பிரியத்துல ஜாஸ்தி ஆயிடுச்சின்னு சொல்லிச் சிரிச்சாங்க.

தை பொறந்துச்சு. எங்க செட்டுக்குப் புவனகிரி அலுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரே கொத்சு எத்தனை வாரம் தின்றது மச்சான்னு மாமா கேட்டாரு. வேன் வேற ஊருக்குத் திரும்புச்சு. இதுல யாரு மேலயும் யாருக்கும் கோவமில்ல. அலுத்துப் போச்சு, அவ்வளவுதான்.

மாசி மாசம் ஒரு சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வந்தப்ப கடை அத்தை எங்க வீட்டுக் கூடத்துல ஒக்காந்திருந்தாங்க. நாக்காலியில ஒக்கார மாட்டேன்னுட்டு தரையில. ஆளு பாதியா எளைச்சிட்டாங்க. செம்மண்டலத்துல எறங்கி, வேன் வச்சிக்கிட்டு ஊர் ஊராப் போறவங்க வீடு எதுன்னு விசாரிச்சிகிட்டே வந்தாங்களாம். அம்மா காப்பி குடுத்தாங்க. அது ஆறி ஆடை கட்டிக் கெடந்துச்சு. அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் எந்திரிச்சி நின்னு சொன்னாங்க.

நாங்க வரிசை எடுத்ததுக்கு மறுநாளே அவுங்க அண்ணன் வந்திருக்காரு. துண்டு கட்டின தலை, அரிசி, வெல்லம், நூல் பொடவை. வாசல்ல சாத்தியிருந்த கரும்புக் கட்டைப் பாத்திருக்காரு. யாரு குடுத்ததுன்னு இவுங்க சொல்றதுக்கு முன்னாடி எதிர் வீட்டுக் கொழுந்தனாரு எறங்கி வந்து, மேளதாளத்தோட வந்ததுய்யா, ஒன் தங்கச்சிக்கு இப்ப கடலூர்ல இத்தினி அண்ணனுங்கன்னு சொல்லியிருக்காரு. இவ போயி நான் ஒண்ணும் செய்யறதில்லன்னு ஊரெல்லாம் அழுது, கேட்டு வாங்கியிருக்கான்னு அண்ணன் நெனைச்சிக்கிட்டாரு. தூக்கிட்டு வந்த மூட்டைய எறக்காமலே திரும்பிட்டாரு. ஒனக்கும் எனக்கும் இனிமே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவுங்க சேத்தியாத்தோப்புக்கு ரெண்டு நடை நடந்தும் வீட்டுக்குள்ள விடல. கொழுந்தனாருங்க இப்ப பங்குனிக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னு நிக்கிறாங்க.

"நீங்க ஒரே ஒரு வார்த்தை எங்கண்ணன்கிட்ட வந்து சொன்னா போதும்ண்ணே. இது அவ கேட்டதில்ல, நாங்களா ஆசைப்பட்டு எடுத்ததுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. ஒங்க வாயால சொன்னா நம்புவாரு. நானும் எம்பொண்ணும் தெருவுக்கு வராம இருப்போம்."

அப்பா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. கட்டாயம் வரேம்மான்னு சொன்னாரு. வர்ற ஞாயித்துக்கெழம காலையில வேன் அந்தப் பக்கமாத்தான் வருது, ரோட்டு ஓரமா நில்லு, ஏத்திக்கிட்டுச் சேந்தே போயிடலாம்னாரு. கடை அத்தை அப்பா கால்ல விழப் போனாங்க. அம்மா பிடிச்சி நிறுத்தினாங்க. அந்தக் காப்பிய ஒரே மூச்சுல குடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க.

அவுங்க தெரு முனை திரும்புனதும் அப்பா நாக்காலியில சாஞ்சாரு. நல்லது செஞ்சிட்டு, அதுக்குப் போயி முன்ன பின்ன தெரியாதவன் வாசல்ல தலை குனிஞ்சி நிக்கணுமான்னு கேட்டாரு. அம்மாகிட்ட கேட்டாரா, சொவத்துகிட்ட கேட்டாரான்னு தெரியல.

அந்த ஞாயிறு வேன் போனது சிதம்பரத்துக்கு. மாமா பையனுக்குக் கோயில்ல ஒரு அர்ச்சனை. அப்பல்லாம் சிதம்பரம் போவணும்னா புவனகிரி வழியாத்தான். அம்மாவும் வந்தாங்க, புவனகிரியில நிறுத்துவாங்க, அப்பா சேத்தியாத்தோப்புக்கு எறங்கிப் போவாருங்கிற நம்பிக்கையில. கெளம்பவே லேட்டு. குழந்தைங்க பால், யாரோ மறந்த பை, அது இதுன்னு. வெயில் ஏறிடுச்சு.

தூரத்துலயே நான் பாத்துட்டேன். ரோட்டு ஓரத்துல கடை அத்தை நிக்கிறாங்க, பக்கத்துல அந்த அக்கா. ரெண்டு பேரும் நல்ல பொடவை, பாவாடை. அக்கா தலையில பூ. அத்தை கையில ஒரு தட்டு, வெத்தலை பாக்கு, வாழைப்பழம், அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோட போவக்கூடாதுன்னு. எதிர் வீட்டு வாசல்ல கொழுந்தனாரும் நிக்கிறாரு. வேனைப் பாத்ததும் அத்தை ஒரு கையால தட்டைப் பிடிச்சிக்கிட்டு இன்னொரு கையத் தூக்கினாங்க. தூக்கிட்டு எதிர் வீட்டைத் திரும்பிப் பாத்தாங்க. ஆளு வந்துடுச்சி பாருங்கிற மாதிரி. டிரைவர் பிரேக்குல கால வச்சிட்டாரு.

"நிறுத்தாத. நடை சாத்திடுவாங்க. திரும்பும்போது பாத்துக்கலாம்," அப்படின்னாரு அப்பா.

அம்மா எந்திரிச்சிட்டாங்க. நிறுத்தச் சொல்லுங்கன்னு ஒரு தடவைதான் சொன்னாங்க. அப்பா அந்தப் பக்கத்து ஜன்னல் வழியா ஆத்தைப் பாத்துக்கிட்டிருந்தாரு. வேன் அவுங்களைத் தாண்டும்போது திரைய வெலக்கிப் பாத்தேன். தூக்கின கைய எறக்காம அத்தை கூடவே ரெண்டு எட்டு ஓடி வந்தாங்க. கொஞ்சம் தள்ளி நிறுத்தப் போறாங்கன்னு நெனைச்சிட்டாங்க போல. வேன் பாலத்து மேல ஏறிடுச்சு.

சாமி பாத்தாச்சு. திரும்பும்போது வீராணம் ஏரியப் பாத்துட்டுப் போலாம்னு யாரோ சொன்னாங்க, அப்பா ரொம்ப சந்தோசமா சரின்னாரு. அந்த வழியில வந்தா புவனகிரி வராது. ஏரியப் பாத்தோம். பொழுது சாயும்போது டீ குடிக்க வேன் நின்னது எங்கன்னு கேளுங்க. சேத்தியாத்தோப்புல. அந்த அண்ணன் இருக்குற ஊரு. அம்மா வேன்ல ஒக்காந்தபடியே அப்பாவைக் கூப்பிட்டு, இங்கதான இருக்காரு, ஒரு எட்டு போயிட்டு வாங்கன்னாங்க. வீடு எங்கன்னு தெரியாதேன்னாரு அப்பா. டீக்கடையில கேட்டா சொல்ல மாட்டாங்களான்னு அம்மா கேட்டாங்க. அப்பா டீயக் குடிச்சி முடிச்சி, கிளாஸைக் கழுவி, தானே கொண்டு போயிக் கடைக்காரருகிட்ட குடுத்துட்டு வந்து ஏறிக்கிட்டாரு. அன்னியில இருந்து எங்கம்மா அந்த வேன்ல கால் வைக்கல. அப்பாகிட்ட முகம் குடுத்துப் பேசவும் ரொம்ப நாளாச்சு.

அதுக்கப்புறம் கடை அத்தை எங்க வீட்டுக்கு வரல.

நான் சிதம்பரத்துல காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் புவனகிரியில எறங்கினேன். அந்த ஓட்டு வீடு இல்ல. சிமெண்ட் கட்டடம், உரக்கடை. கல்லாவுல அந்தச் சின்னக் கொழுந்தனாரு. மீசை நரைச்சிருந்துச்சு. இங்க சாப்பாட்டுக் கடை வச்சிருந்தவங்க எங்கன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் மறைக்கல. பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் போனாங்க, பனியன் கம்பெனியில இருந்தாங்க, போன வருசம் தவறிட்டாங்கன்னாரு. நாங்க யாரும் போவலம்மான்னாரு. பொறந்த வீட்டுக் கோடித் துணிகூட வரலயாம், கூட வேலை செஞ்சவங்க யாரோ ஒரு பொடவை வாங்கிப் போட்டு எடுத்தாங்களாம்.

அவரு ஸ்டூலை நகத்திப் போட்டு ஒக்காரச் சொன்னாரு. கெட்ட மனுசன் மாதிரியே தெரியல.

"அன்னிக்கி அவுங்க பக்கம் ஒரு ஆளு வந்து நின்னு கேட்டிருந்தாலும் நாங்க வீட்டுல கை வச்சிருக்க மாட்டோம்மா. ரோட்டுலயே நின்னாங்க பாவம், பொழுது சாயற வரைக்கும். ஒருத்தரும் வரல. சரி, நீ யாரும்மா அவுங்களுக்கு?"

அத்தைன்னு வாயி வரைக்கும் வந்துச்சு.

"சாப்பிட வருவோங்க," அப்படின்னேன்.